பேறுகாலத்தில் நம்மைக் கேட்காமல் செய்தவை: குமரி மாவட்டப் பெண்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர். கல்குளம், விளவங்கோடு பக்கத்து ஊர்களில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தேன். இப்போது மாதம் ஒருமுறை, மகளிர் குழுக் கூட்டம் முடிந்த பிறகு, பேறுகாலத்தில் பட்ட காயங்களைப் பற்றிப் பேச வருகிற பெண்களோடு உட்காருகிறேன். ரப்பர் பால் வெட்டுகிறவர்கள், அண்டி ஆபீஸில் (முந்திரிப் பருப்பு ஆலையில்) வேலை பார்த்தவர்கள், மீன் சுமந்து விற்ற கடற்கரை அம்மாக்கள் எல்லாரும் வருகிறார்கள். பெரும்பாலும் ஐம்பது வயது தாண்டியவர்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதையும், நான் சொல்வதையும் இங்கே எழுதி வைக்கிறேன். நான் வக்கீல் இல்லை. சட்டத்தைப் பற்றிச் சொல்வது வழி காட்டத்தான். உங்கள் விஷயத்தை ஒரு வக்கீலிடம் கட்டாயம் காட்டுங்கள். அதற்குக் காசு வேண்டாம், எங்கே போவது என்று பின்னால் சொல்லியிருக்கிறேன்.

சிஸ்டர், பெத்தா நோவு இருக்கத்தானே செய்யும்? இதில் யாரைக் குற்றம் சொல்ல?

பேறு நோவு பிள்ளை வந்ததோடு அடங்கிவிடும். அடங்காமல் வருஷக்கணக்காகக் கூடவே வருவதைத்தான் நான் சொல்கிறேன். இருமினால் மூத்திரம் போவது, இரவும் பகலும் ஒழுகுவது, அடி இறங்கி கையில் தட்டுப்படுவது, தையல் போட்ட இடத்தில் ஓயாத வலி, வீட்டுக்காரர் பக்கத்தில் வந்தாலே பயம். இதெல்லாம் பெண்ணாய்ப் பிறந்தால் உள்ளதுதான் என்று நம் அம்மாக்கள் சொல்லி வளர்த்தார்கள். அதில் பாதி உண்மை. கர்ப்பப்பை இறக்கம் நல்ல முறையில் பேறு பார்த்தாலும் சிலருக்கு வரும். நாலைந்து பிள்ளை பெற்று, நாற்பது நாள்கூட ஓயாமல் மீன் சுமையைத் தலையில் ஏற்றியவர்களுக்கு அதிகம் வரும். அதற்கு எந்த டாக்டரையும் குறை சொல்ல முடியாது.

தேவையில்லாத ஒன்றைச் செய்திருந்தால் அது குற்றம். தேவையானதைக் கவனமில்லாமல் செய்திருந்தாலும் குற்றம். தேவையானதை நன்றாகவே செய்துவிட்டு, ஆனால் உங்களைக் கேட்கவே இல்லை என்றால் அதுவும் குற்றம்தான். இந்தக் கடைசி வகையை நம் பெண்கள் குற்றமாகவே எண்ணுவதில்லை. நான் அதிகம் பார்த்தது அதைத்தான்.

உங்களுக்கு ஏன் இதில் இவ்வளவு அக்கறை?

1996 ஏப்ரலில் மத்திய அரசு குடும்பக் கட்டுப்பாட்டு டார்கெட்டை எடுத்தது. அதுவரை ஒவ்வொரு செவிலியரும் வருஷத்துக்கு இத்தனை கு.க. கேஸ் கொடுத்தாக வேண்டும். எண்ணிக்கை குறைந்தால் மாதக் கூட்டத்தில் எழுப்பி நிறுத்திக் கேட்பார்கள். நானும் ஓடி ஓடிக் கேஸ் பிடித்தேன்.

ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்த ஒரு பெண்ணுக்கு மூன்றாவது பேறு. ராத்திரி முழுக்க நோவெடுத்துக் களைத்துக் கிடந்தாள். அவள் மாமியாரிடம் பேசினேன், மாமியார் தலையாட்டினார், தாளில் கைநாட்டு விழுந்தது. மறுநாள் ஆபரேஷன் முடிந்தது. அவளிடம் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாலைந்து வருஷம் கழித்து பஸ் ஸ்டாப்பில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சிஸ்டர், பிள்ளை நிக்கவே இல்லையே, எனக்கு என்ன செய்தீங்க?" என்று கேட்டாள். அன்றைக்கு நான் பஸ் வருகிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன். அந்தக் கேள்விக்குத்தான் இப்போது பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

என் மகள் அயர்லாந்தில் நர்ஸ். அங்கே பழைய பேறு விஷயத்துக்காக வயசான அம்மாமாருக்கு அரசு பணம் கொடுத்ததாம். அது என்ன?

கொல்லங்கோடு பக்கத்து அம்மா ஒருவர் கேட்டது இது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், நம் எல்லாருக்கும் அதில் பாடம் இருக்கிறது.

இடுப்பெலும்பு இரண்டும் முன்பக்கம் சேருகிற இடத்தில் குருத்தெலும்பால் ஆன ஒரு இணைப்பு உண்டு. குழந்தையின் தலை இறங்காமல் நிற்கும்போது அந்த இணைப்பைக் கத்தியால் வெட்டி இடுப்பை அகலப்படுத்துவதற்கு சிம்பிசியாட்டமி என்று பெயர். சிசேரியன் செய்ய வழியே இல்லாத இடத்தில், உயிரைக் காப்பாற்றக் கடைசி வழியாக அது இருந்தது. அயர்லாந்தில் சிசேரியன் வசதி இருந்தது. இருந்தும் 1940-களிலிருந்து 1980-கள் வரை சுமார் 1,500 பெண்களுக்கு இந்த வெட்டு விழுந்தது.

ஏன்? பல தடவை சிசேரியன் செய்தால் அடுத்த பேறு ஆபத்து, அப்போது கருத்தடை வேண்டிவரும். கருத்தடை கத்தோலிக்க நெறிக்கு ஆகாது. அங்கே 1935 முதல் கருத்தடைப் பொருளை விற்பதே சட்டவிரோதமாக இருந்தது. இடுப்பை அகலமாக்கிவிட்டால் எத்தனை பிள்ளை வேண்டுமானாலும் பெறலாம் என்று சில மருத்துவர்கள் கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கில் அந்தப் பெண்ணின் விருப்பத்துக்கு இடமே இல்லை. நடக்க முடியாமல், மூத்திரம் அடக்க முடியாமல், இடுப்பு வலியோடு வீட்டுக்குப் போனவர்களில் பலருக்குத் தங்களுக்கு என்ன நடந்தது என்பதே தெரியாது. நாற்பது ஐம்பது வருஷம் கழித்து, செய்தியில் கேட்டும் பழைய மருத்துவக் குறிப்பை வாங்கிப் பார்த்தும்தான் தெரிந்துகொண்டார்கள்.

அவர்கள் கூடிப் பேசினார்கள், சங்கம் அமைத்தார்கள். அதில் ஒரு வழக்கை என்னால் மறக்க முடிவதில்லை. 1969-இல் 18 வயதுப் பெண்ணுக்கு சிசேரியன் செய்து குழந்தையை எடுத்துவிட்டார்கள். குழந்தை வெளியே வந்த பிறகு இடுப்பை வெட்டியிருக்கிறார்கள், இனி வரப்போகிற பேறுகளுக்காக! அவருக்கு அது தெரியவந்தது 2002-இல். 2012-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவருக்கு இழப்பீடு உண்டு என்பதை உறுதிசெய்து, தொகையை 3,25,000 யூரோ என்று குறைத்தது. 2014 ஜூலையில் ஐ.நா. மனித உரிமைக் குழு அயர்லாந்து அரசைக் கண்டித்து, விசாரித்து நிவாரணம் தரச் சொன்னது. அந்த வருஷம் நவம்பரில் அரசு ஒரு நிவாரணத் திட்டம் தொடங்கியது. 590 பேர் விண்ணப்பித்தார்கள், 399 பேருக்குப் பணம் கிடைத்தது. காயத்தின் அளவைப் பொறுத்து 50,000 அல்லது 1,00,000 அல்லது 1,50,000 யூரோ.

அப்படியானால் அங்கே நீதி கிடைத்துவிட்டது என்று சொல்லலாமா?

பணம் கிடைத்தது. நீதி கிடைத்ததா என்று கேட்டால், அந்தப் பெண்களில் பலர் இல்லை என்றுதான் சொன்னார்கள். அரசு தன் தவறு என்று ஒப்புக்கொள்ளாமலேயே பணம் கொடுத்தது. பணத்தை வாங்கினால் இனி வழக்குப் போடமாட்டேன் என்று எழுதிக்கொடுக்க வேண்டும். விண்ணப்பிக்கக் கொடுத்த அவகாசம் வெறும் 20 வேலை நாள். எண்பது வயதுக் கிழவி, ஐம்பது வருஷத்துக்கு முந்தைய தாளை இருபது நாளில் எங்கே போய்த் தேடுவார்? மருத்துவக் குறிப்பிலோ எக்ஸ்ரேயிலோ தடயம் காட்ட முடியாதவர்கள் வெளியே நின்றார்கள். சிலர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார்கள், 2020-இல் அது ஏற்க மறுத்துவிட்டது.

கூட்டத்துக்கு வருகிற பெண்களிடம் முதல் நாளே தாளைப் பற்றிப் பேசுவது இதனால்தான்.

நம் ஊரில் இடுப்பெலும்பை வெட்டினார்களா?

என்னிடம் வந்தவர்களில் அப்படி யாரும் இல்லை. நம் பக்கத்துக் காயங்கள் வேறு. கேட்காமல் குழாய் கட்டியது (பெண்ணுக்கான கருத்தடை ஆபரேஷன்), தெரியாமல் காப்பர் டி (கர்ப்பப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனம்) வைத்தது, மரத்துப்போக ஊசி போடாமல் கீறித் தையல் போட்டது, வயிற்றின் மேல் ஏறி அமுக்கியது, முப்பத்தைந்து வயதில் கர்ப்பப்பையை எடுத்தது.

எனக்க தாளில் மாமியாருதான் கைநாட்டு வச்சாவ. அது செல்லுமா?

செல்லாது. நீங்கள் வயதுவந்த பெண், நினைவோடு இருக்கிறீர்கள் என்றால் உங்கள் உடம்புக்கு உங்கள் சம்மதம்தான் சம்மதம். மாமியார், வீட்டுக்காரர், அம்மா யார் கையெழுத்தும் அதற்கு ஈடாகாது. உடனே செய்யாவிட்டால் உயிர் போகும், நீங்களும் மயக்கத்தில் இருக்கிறீர்கள் என்றால் மட்டும் விஷயம் வேறு.

இதைச் சொன்னது உச்ச நீதிமன்றம், 2008 ஜனவரியில், சமீரா கோலி வழக்கில். டெல்லியில் 44 வயதுப் பெண் ஒருவர் பரிசோதனைக்காக மயக்க மருந்து வாங்கிக்கொண்டு படுத்தார். அவர் மயக்கத்தில் இருக்கும்போதே வெளியே நின்ற அம்மாவிடம் கையெழுத்து வாங்கி, கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். ஒரு பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் இன்னொரு ஆபரேஷனுக்கு ஆகாது, அம்மாவின் சம்மதம் மகளின் சம்மதம் ஆகாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. கிடைத்த இழப்பீடு 25,000 ரூபாய்தான். அது போதாது என்பது என் எண்ணம். ஆனாலும் அந்தத் தீர்ப்பின் வாசகம் இன்றைக்கும் ஒவ்வொரு ஆஸ்பத்திரியையும் கட்டுப்படுத்துகிறது.

குழாய் கட்டுவதற்குத் தனி விதியே இருக்கிறது. 2006-இல் மத்திய அரசு வெளியிட்ட நெறிமுறைப்படி கணவன் சம்மதம் தேவையில்லை, அந்தப் பெண்ணின் சம்மதம் வேண்டும். மயக்க மருந்தின் பிடியில் இருப்பவளிடம் சம்மதம் வாங்கக் கூடாது.

நானே கையெழுத்துப் போட்டேன். ஆனால் என்ன எழுதியிருந்தது என்று தெரியாது.

நோவில் துடிக்கும்போது நீட்டிய தாளில் போட்டதை மனமறிந்த சம்மதம் என்று சொல்ல முடியாது. ஹங்கேரியில் 2001-இல் இப்படி நடந்தது. ரோமா இனப் பெண் ஒருவர், வயிற்றிலேயே குழந்தை இறந்து, ரத்தம் போய்க்கொண்டு ஆம்புலன்ஸில் வந்தார். சிசேரியனுக்கான தாளின் அடியில் டாக்டர் கையால் ஒரு வரி சேர்த்தார். கருத்தடை என்பதற்கு லத்தீன் சொல்லைப் போட்டிருந்தார், அவருக்கு அது புரியவில்லை. ஆம்புலன்ஸ் வந்து இறங்கியதிலிருந்து இரண்டு ஆபரேஷனும் முடிய ஆன நேரம் 17 நிமிடம். இதை ஐ.நா.வின் பெண்கள் உரிமைக் குழு 2006-இல் விசாரித்து, பதினேழு நிமிடத்தில் ஒரு பெண் யோசித்து முடிவெடுத்தாள் என்பதை ஏற்க முடியாது என்ற முடிவுக்கு வந்தது. அந்த அரசு பின்னால் இழப்பீடு கொடுத்தது.

நம் மாவட்டத்து ஆஸ்பத்திரிகளில் ஆங்கிலத்தில் அச்சடித்த தாளில் கையெழுத்துப் போட்டவர்கள் எத்தனை பேர் இருப்போம்?

காப்பர் டி வைத்திருப்பதே எனக்குத் தெரியாது. ஸ்கேனில்தான் தெரிந்தது.

பிள்ளை பிறந்து நஞ்சு விழுந்த கையோடு வைத்துவிடுகிறார்கள். நல்ல முறைதான், விருப்பம் உள்ளவர்களுக்கு வசதியும்கூட. ஆனால் முன்னாலேயே, கர்ப்பத்தின்போதே பேசிச் சம்மதம் வாங்கியிருக்க வேண்டும். வேண்டாம் என்றால் எடுக்கச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. காரணம் சொல்ல வேண்டியதில்லை, வீட்டுக்காரரைக் கூட்டிவர வேண்டியதில்லை. எடுக்கும்போது புறநோயாளி சீட்டில் அதை எழுதச் சொல்லி வாங்குங்கள். எந்த நாளில் உங்களுக்குத் தெரிந்தது என்பதற்கு அந்தச் சீட்டு சாட்சி.

கீழே கீறித் தையல் போடுவது எல்லாருக்கும் செய்வதுதானே? வயிற்றை அமுக்குவதும்?

எல்லாருக்கும் செய்தார்கள் என்பது சரி. எல்லாருக்கும் செய்ய வேண்டியதில்லை. வழக்கமாக எல்லாருக்கும் கீறுவதை உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட பரிந்துரையில் வேண்டாம் என்கிறது. பிள்ளையை வெளியே தள்ள வயிற்றின் மேல் கையால் அமுக்குவதையும் வேண்டாம் என்கிறது. நாங்கள் படிக்கும்போது தலைப்பேறு என்றால் கீற வேண்டும் என்றே சொல்லிக்கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் அந்தப் படிப்பின்படி செய்ததற்கு இன்றைக்கு வழக்குப் போட்டு வெல்வது கடினம். மரத்துப்போக ஊசி போடாமல் தைத்ததும், கத்தினால் தொடையில் அடித்ததும், "அப்போ சுகமா இருந்ததா" என்று கேட்டதும் எந்தக் காலத்துப் படிப்பிலும் இல்லை.

பேறுக்குப் பிறகு கர்ப்பப்பையையும் எடுத்துவிட்டார்கள். புற்று வரும் என்று பயமுறுத்தினார்கள்.

பேறுக்குப் பின் ரத்தம் நிற்காமல் போனால் கர்ப்பப்பையை எடுப்பது உயிர் காக்கும் வேலை. அப்படிப் பிழைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அயர்லாந்தின் டிராகெடா நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில், 25 வருஷத்தில் பேறோடு சேர்த்து 188 பேருக்குக் கர்ப்பப்பை எடுத்திருக்கிறார்கள், அதில் 129 ஒரே டாக்டர் கணக்கில். 1998-இல் ஒரு மருத்துவச்சி வாய்திறந்த பிறகுதான் விசாரணை வந்தது. 2006-இல் வந்த விசாரணை அறிக்கை, பல பெண்களின் கோப்புகள் வேண்டுமென்றே எடுக்கப்பட்டிருந்தன என்றும் சொன்னது. எத்தனையோ பேர் வேலை பார்த்த இடம் அது. அதை நினைத்தால் என் கண்முன் நிற்பது வாய்திறந்த அந்த ஒரு மருத்துவச்சிதான்.

நம் நாட்டிலும் தேவையில்லாமல் கர்ப்பப்பை எடுப்பது பற்றிய வழக்கில் 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், எல்லா மாநிலங்களும் மத்திய அரசின் வழிகாட்டுதலை மூன்று மாதத்தில் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. நீங்கள் செய்ய வேண்டியது, எடுத்த கர்ப்பப்பையைப் பரிசோதனைக்கு அனுப்பிய ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குவது. புற்று என்று பயமுறுத்தியது நிஜமா என்று அந்தத் தாள் சொல்லும்.

இருபது வருஷம் கழிஞ்சாச்சு. இனி வழக்குப் போட முடியுமா?

வருகிறவர்கள் அதிகம் கேட்பது இதைத்தான். ஆறுதலுக்காகப் பொய் சொல்ல எனக்கு மனமில்லை.

நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருஷக் கெடு. மாநில மனித உரிமை ஆணையத்துக்கு ஒரு வருஷம். தாமதத்துக்குத் தக்க காரணம் சொன்னால் நுகர்வோர் ஆணையம் மன்னிக்கலாம். எந்த நாளிலிருந்து கெடுவை எண்ணுவது என்பதில்தான் வழக்கே இருக்கிறது. காயம் அன்றைக்கே தெரிந்தால் அன்றிலிருந்து. உள்ளே மறைந்து கிடந்து பின்னால்தான் தெரிந்தால், தெரிந்த நாளிலிருந்து. இதை உச்ச நீதிமன்றம் ஸ்ரீகண்டே வழக்கில் விளக்கியது. ஆனால் அதே வழக்கில் அந்தப் பெண் தோற்றுப்போனார். 1993-இல் அவருக்கு வயிற்றில் ஆபரேஷன். வலி போகவே இல்லை. 2002-இல் இன்னொரு ஆபரேஷனில்தான் உள்ளே பஞ்சுத் துணி இருந்தது தெரிந்தது. ஒன்பது வருஷம் வலியோடு இருந்தும் அந்த டாக்டரிடம் ஏன் போகவில்லை, நீங்களே ஒரு நர்ஸ் ஆயிற்றே என்று கேட்டு, கெடு தாண்டிவிட்டது என்று முடித்துவிட்டார்கள். வலியைப் பொறுத்துக்கொண்டது அவருக்கு எதிராகவே திரும்பிவிட்டது. நம் பெண்கள் பொறுமையைப் பெரிய குணமாக வைத்திருக்கிறோமே, அதனால்தான் இந்த வழக்கை எல்லாரிடமும் சொல்கிறேன்.

ஆகையால் வலி இருந்தால் இன்றைக்கே ஒரு டாக்டரிடம் காட்டி, அதை எழுத்தில் வாங்குங்கள். இருபது வருஷத்துக்கு முன்பே தெரிந்திருந்த விஷயம் என்றால் இழப்பீட்டு வழக்கு பெரும்பாலும் நிற்காது. சென்ற வருஷம் ஸ்கேனில் தெரிந்தது என்றால் வழி இருக்கலாம், தாமதிக்காதீர்கள்.

கெடுவையும் தாண்டி நீதி கிடைத்த இடம் உண்டு. ஜப்பானில் 1948 முதல் 1996 வரை இருந்த ஒரு சட்டத்தின்கீழ் சுமார் 25,000 பேருக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்தார்கள். பலருக்குக் கட்டாயமாக. வழக்குப் போட்டபோது இருபது வருஷக் கெடு முடிந்தது என்று அரசு வாதிட்டது. 2024 ஜூலை 3-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், இவ்வளவு கொடுமைக்குக் கெடுவைக் காட்டித் தப்பிப்பது நியாயத்துக்கு ஒவ்வாது என்று தள்ளிவிட்டது. அந்த வருஷமே ஆளுக்கு 1.5 கோடி யென் கொடுக்கச் சட்டம் வந்தது. செக் நாட்டில் 2021-இல் போட்ட சட்டப்படி, 1966 முதல் 2012 வரை சட்டவிரோதமாகக் கருத்தடை செய்யப்பட்டவர்களுக்கு 3,00,000 கிரவுன். தனித்தனி வழக்கில் கிடைக்காதது தனிச் சட்டத்தால் கிடைத்தது. நம் நாட்டிலும் அப்படி ஒரு சட்டம் வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

எங்கே போவது? செலவாகுமே?

பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. 1987-ஆம் வருஷச் சட்டம் அது. நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-க்குக் கூப்பிடுங்கள். வக்கீலை அவர்களே தருவார்கள்.

பணம் கட்டிப் பார்த்த ஆஸ்பத்திரி என்றால் நாகர்கோவிலிலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். நீங்கள் ஆஸ்பத்திரிக்குக் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் புகார்க் கட்டணமே இல்லை. எல்லாருக்கும் முழுக்க இலவசமாகப் பார்க்கிற அரசு ஆஸ்பத்திரி அந்தச் சட்டத்துக்குள் வராது. சிலரிடம் காசு வாங்கி சிலருக்கு இலவசமாகப் பார்க்கிற ஆஸ்பத்திரி என்றால், இலவசமாகப் பார்த்தவரும் புகார் கொடுக்கலாம். 1995-இல் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. மிஷன் ஆஸ்பத்திரிகள் நிறைந்த நம் மாவட்டத்தில் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

அரசு ஆஸ்பத்திரி என்றால் சிவில் நீதிமன்றம், அல்லது உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனு. டாக்டரின் நடத்தை பற்றியதென்றால் தமிழ்நாடு மருத்துவ கவுன்சில். அவர்கள் பதிவை நிறுத்திவைக்கலாம், பணம் வாங்கித் தர முடியாது. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுப்பதையும் லேசாக எண்ண வேண்டாம். முத்திரையும் தேதியும் உள்ள ரசீது கிடைக்கும்.

குழாய் கட்டியும் கர்ப்பம் தரித்துவிட்டது. அதற்கு ஏதாவது உண்டா?

உண்டு. அரசின் குடும்பக் கட்டுப்பாட்டு இழப்பீட்டுத் திட்டம் 2013 முதல் இருக்கிறது. ஆபரேஷன் தோற்றால் அப்போது 30,000 ரூபாய், ஆபரேஷனால் ஆஸ்பத்திரியிலோ, டிஸ்சார்ஜ் ஆன ஏழு நாளுக்குள்ளோ இறந்தால் 2 லட்சம். சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் பக்கத்தில் 2014 நவம்பரில் ஒரே முகாமில் 83 பெண்களுக்கு ஆபரேஷன் செய்தார்கள். அந்த மாதம் அங்கே நடந்த முகாம்களில் மொத்தம் 13 பெண்கள் இறந்தார்கள். அதன் பிறகு 2016-இல் தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், மூன்று வருஷத்துக்குள் முகாம்களை நிறுத்தவும் இழப்பீட்டைக் கணிசமாக உயர்த்தவும் சொன்னது. நாள் தள்ளிப்போய், தோற்றது தெரிந்ததும் 90 நாளுக்குள் மனு கொடுக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கேளுங்கள். வெட்கப்பட்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள், தப்பு உங்களுடையது இல்லை.

என் கேஸ் தாளே இல்லை. ஆஸ்பத்திரியில் கேட்டால் விரட்டுகிறார்கள்.

எழுத்தில் கேளுங்கள். மருத்துவ கவுன்சிலின் 2002 விதிப்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் டாக்டர் உங்கள் குறிப்புகளைக் கொடுக்க வேண்டும். மூன்று வருஷம் அவற்றைப் பாதுகாக்கவும் வேண்டும். மூன்று வருஷம் கழிந்தது என்றாலும் கேட்டுப் பாருங்கள், சில இடங்களில் பழைய பிரசவ அறைப் பதிவேடு இருக்கும். அரசு ஆஸ்பத்திரி என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மனு போடுங்கள், முப்பது நாளில் பதில் வர வேண்டும். இல்லை என்று பதில் வந்தாலும் அந்தக் கடிதத்தை எறியாதீர்கள்.

வேறு தாள்களும் உதவும். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, ஞானஸ்நானப் பதிவேட்டில் பிறந்த தேதி, அந்தக் காலத்துச் செவிலியரின் தாய் சேய் பதிவேடு. கூட வந்து நின்ற அக்காவோ மைனியோ உயிரோடு இருந்தால் அவர்கள் வாய்மொழி.

முதலில் வழக்கா, வைத்தியமா?

வைத்தியம். சந்தேகமே வேண்டாம். முப்பது வருஷமாகத் துணி வைத்துக்கொண்டு, வேதக்கோயிலுக்கோ கல்யாண வீட்டுக்கோ போகாமல் இருந்த ஒரு கடற்கரை அம்மாவுக்கு இருந்தது மூத்திரப்பையில் ஓட்டை. ஆபரேஷன் செய்து அடைக்கக்கூடியது. அவரிடம் அதை யாரும் சொன்னதில்லை. அடி இறங்குவதற்கு ஆபரேஷன் இல்லாமல் உள்ளே வைக்கும் வளையமும் உண்டு, இருமினால் மூத்திரம் போவதற்குப் பயிற்சி உண்டு. ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் பெண்கள் பிரிவில் காட்டுங்கள். எங்கே போவது என்று குழம்பினால் 104-க்குக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

நீங்கள் டாக்டர்களுக்கு எதிராகப் பேசுகிறீர்கள் என்று சொல்கிறார்களே?

வயத்தாட்டி பார்த்த பேறில் தாயும் பிள்ளையும் போனதை நான் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். நெய்யூரில் 1838-இலேயே மருத்துவ மிஷன் பணி தொடங்கிய மாவட்டம் இது. ஆஸ்பத்திரி நமக்குச் செய்த நன்மை எனக்கு நன்றாகத் தெரியும். 2018-20 கணக்குப்படி ஒரு லட்சம் பேறுக்கு இந்தியாவில் 97 தாய்மார் இறக்கும்போது தமிழ்நாட்டில் 54. டாக்டர்களும் நர்ஸ்களும் இல்லாமல் இது நடந்திருக்காது. அதே தமிழ்நாட்டில் 2019-21 குடும்பநலக் கணக்கெடுப்பில் தனியார் ஆஸ்பத்திரிப் பேறுகளில் நூற்றுக்கு 63.8 சிசேரியன், அரசு ஆஸ்பத்திரிகளில் 36. இவ்வளவும் தேவைதானா என்று கேட்பது எதிர்ப்பு ஆகாது.

மகளுக்கு பேறு மாதம். இப்போது நாங்கள் என்ன செய்ய?

எட்டாம் மாதமே டாக்டரிடம் அவளே பேசட்டும். காப்பர் டி வேண்டுமா வேண்டாமா, குழாய் கட்டுவதா இல்லையா என்று அவள் வாயால் சொல்லி, அட்டையில் எழுதச் சொல்லுங்கள். உள்ளே ஒருவர் துணைக்கு இருக்கலாமா என்று கேளுங்கள். டிஸ்சார்ஜ் தாளை வாங்காமல் ஆட்டோவில் ஏறாதீர்கள்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நடந்ததை எப்படி எழுதி வைப்பது?

பேத்தியிடம் சொல்லி எழுத வையுங்கள், இல்லையென்றால் கூட்டத்துக்கு வாருங்கள். எந்த வருஷம், எந்த மாதம், மழையா வெயிலா, எந்தப் பிள்ளை, கூட யார் இருந்தார்கள், என்ன சொன்னார்கள், என்ன சொல்லவில்லை, வலி எப்போது தொடங்கியது, எப்போது யாரிடம் காட்டினீர்கள். அழகாக எழுத வேண்டாம். நினைவில்லாததை இட்டுக்கட்ட வேண்டாம், நினைவில்லை என்றே எழுதுங்கள். கடைசியில் தேதி போட்டு, கையெழுத்தோ கைநாட்டோ வைத்து, இரண்டு பேர் சாட்சி போடட்டும்.

பஸ் ஸ்டாப்பில் என் கையைப் பிடித்த அந்தப் பெண்ணும் போன வருஷம் வந்தார். இப்போது அறுபது தாண்டிவிட்டது. வழக்குப் போடக் காலம் கடந்துவிட்டது என்று சொன்னேன். பரவாயில்லை, எழுது என்றார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். மாமியாரிடம் பேசிய செவிலியரின் பெயர் என்ன என்று எழுத வேண்டிய இடம் வந்தது. என் பெயரை எழுதி, அவருக்கு வாசித்துக் காட்டினேன்.